வயது பார்த்துப் பூக்கும் நெல்லும் அதற்கு வேண்டிய வெளிச்சமும்

சென்ற குறுவைப் பருவத்தில் வயலாய்வுக்குச் சென்றிருந்தபோது, விவசாயி ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மூடிய அறைக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒவ்வொரு தட்டின் மேலும் ஊதா நிற விளக்கு, அதன் கீழ்ப் பச்சைப் பசேலெனச் செடிகள். "இந்தச் செடிகளுக்குப் பருவமே வேண்டாமாம் சார். விளக்கைக் கூட்டிக் குறைத்தால் போதும், இத்தனை நாளில் பூத்துவிடும் என்கிறார்கள். நம் நெல்லுக்கும் இப்படிச் செய்யலாமா? கார்த்திகை அடைமழையில் சூரியனையே காணோமே" என்று கேட்டார். அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று. முந்தைய ஆண்டில் அவருடைய சம்பா பூக்கும் தருணத்தில் பன்னிரண்டு நாள் இருட்டிக் கிடந்து, கதிரில் மூன்றில் ஒரு பங்கு பதராகிப் போயிருந்தது. உரம், மருந்து, ஆட்கூலி என்று செலவிட்டதெல்லாம் குறைவின்றிச் செலவாகியிருந்தன. குறைந்தது வெளிச்சம் ஒன்றே.

வெளிச்சமும் ஓர் இடுபொருள்தான். நீரையும் உரத்தையும் அளந்து கொடுக்கிற நாம், வெளிச்சத்தை மட்டும் கிடைத்தது கிடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அதை அளக்கவும், ஓரளவு நிர்வகிக்கவும் வழி உண்டு. ஆனால் அந்த வழி பெரும்பாலும் விளக்கில் இல்லை.

விளக்குக் கணக்கு

முதலில் அந்த விவசாயியின் கேள்விக்கு விடை காண்போம். தஞ்சைப் பகுதியில் மேகமில்லாத ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு சென்ட் வயலுக்குச் சூரியன் நாளொன்றுக்கு 200 யூனிட்டைக் காசின்றி வழங்குகிறது. இதில் இலை உணவு தயாரிக்கப் பயன்படும் ஒளி ஏறத்தாழப் பாதி, அதாவது 100 யூனிட். நல்ல எல்.இ.டி. விளக்கும் தான் உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியையே ஒளியாக்குகிறது. ஆக, சூரியன் செய்யும் வேலையை விளக்கு செய்ய வேண்டுமானால் சென்ட் ஒன்றுக்கு நாள்தோறும் 200 யூனிட் மின்சாரம் எரிய வேண்டும்.

முழு வெயில் வேண்டாம், அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 40 யூனிட் ஆகிறது. நடவு வயலில் 60 நாளைக்கு 2400 யூனிட். நல்ல விளைச்சலில் ஏக்கருக்கு 2500 கிலோ நெல் என்றால் சென்டுக்கு 25 கிலோ. இருபத்தைந்து கிலோ நெல்லுக்கு 2400 யூனிட் மின்சாரம்! இக்கணக்கைப் போட்டுக் காட்டியதும் அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

அப்படியானால் விளக்கு எங்குதான் பயன்படுகிறது? விலைமதிப்பு மிக்க சில செடிகளைச் சிறிய இடத்தில் வளர்க்கும் போது பயன்படுகிறது. நெல்லிலும் ஓர் உதாரணம் உண்டு. வாரணாசியில் இயங்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தெற்காசிய மையத்தார், விளக்கொளியில் நெல்லை விரைந்து பூக்கச் செய்யும் ஒரு முறையை 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாற்றுக்கு முதல் 15 நாட்கள் இரவு பகலாக 24 மணி நேரமும் விளக்கு. அதன்பின் நாளொன்றுக்கு 10 மணி நேரம் மட்டுமே விளக்கு. சிவப்பு ஒளி இரண்டு பங்கும் நீல ஒளி ஒரு பங்கும் கலந்து, நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஒளியின் வலுவை வைத்திருந்தனர். இவ்வாறு ஓர் ஆண்டில் நான்கைந்து தலைமுறை எடுக்க முடிகிறது. இது புதிய இரகம் உருவாக்குவோருக்கு உரியது. பத்தாண்டில் வரவேண்டிய இரகம் சில ஆண்டுகள் முந்தி உங்கள் கைக்கு வரும் என்பதே உங்களுக்குக் கிடைக்கும் இலாபம்.

திருவையாறு, கும்பகோணம் பகுதிகளிலும் கொள்ளிடப் படுகைகளிலும் வாழை பயிரிடுவோர் வாங்கும் திசு வளர்ப்புக் கன்றுகளும் விளக்கடியில் பிறந்தவையே. ஆய்வுக்கூடத்தில் அவை காணும் வெளிச்சம் 2000, 3000 லக்ஸ் அளவே. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. நம் வீட்டுக் கூடத்தில் பகலில் சில நூறு லக்ஸ் இருக்கும். நண்பகல் வெட்டவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். புட்டியிலிருந்து எடுத்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகிவிடும். ஆகையால்தான் பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலைக் குடிலில் சில வாரம் வைத்துப் பழக்குகிறார்கள். நிழல்வலையிலிருந்து அன்றே இறக்கிய கன்றை நண்பகலில் நடாமல், வாங்கும் போதே எத்தனை நாள் வெயிலில் பழக்கினார்கள் என்று கேட்டறிவது நல்லது. வெளிச்சம் குறைந்தாலும் கெடுதி, திடீரென்று மிகுந்தாலும் கெடுதி என்பதற்காக இதைச் சொன்னேன். இனி நெல்லுக்கு வருவோம்.

நாள் பார்ப்பதும் வயது பார்ப்பதும்

நெல் இரகங்களை எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். வெளிச்சத்தைப் பொறுத்தமட்டில் இரண்டே சாதி. ஒன்று நாள் பார்த்துப் பூப்பது. மற்றொன்று வயது பார்த்துப் பூப்பது.

நம் முன்னோர் பயிரிட்ட சம்பா இரகங்கள் பெரும்பாலும் நாள் பார்ப்பவை. நாள் என்றால் பஞ்சாங்க நாள் அன்று, பகலின் நீளம். தஞ்சையில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 12¾ மணி. மார்கழியில் 11½ மணி. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரந்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. பயிருக்குத் தெரியும். பகல் குறைந்து இரவு நீண்டு ஓர் அளவைத் தாண்டிய பின்னரே இவ்வகை நெல் கதிரை உருவாக்கத் தொடங்கும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கும். செடிகளுக்கு இந்தக் குணம் உண்டென்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர், கோடையில் பூக்க மறுத்த ஒரு புகையிலை இரகத்தைக் கொண்டு 1920-ல் விளக்கிக் காட்டினர். நம் தஞ்சை விவசாயிகள் விளக்கம் இல்லாமலே அதைப் பயன்படுத்தி வந்தனர். முன்பு இம்மாவட்டத்தில் குறுவை விதையுடன் ஒட்டடையான் நெல்லைக் கலந்து விதைத்து ஒன்றாகவே நடுவது உண்டு. குறுவை தன் வயதில் முற்றி அறுவடையாகும். கூடவே அரிவாள் பட்ட ஒட்டடையான், நாள் வரவில்லையாதலால் பூக்காமல், மீண்டும் தழைத்து வளர்ந்து தை, மாசியில் கதிர் தரும். ஒரு நடவில் இரண்டு அறுவடை! வயது பார்ப்பதும் நாள் பார்ப்பதும் ஒரே வயலில் நின்ற காட்சி அது.

வயது பார்ப்பவற்றுக்குப் பகலின் நீளம் ஒரு பொருட்டன்று. விதைத்த நாளிலிருந்து எண்ணி, குறிப்பிட்ட நாளில் பூத்துவிடும். 1966-ல் வெளிவந்த ஐ.ஆர். 8 இக்குணம் பெற்றது. இன்று குறுவையில் நிற்கும் ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் இரகங்கள் அனைத்தும் இவ்வகையே. ஆண்டில் எந்தப் பட்டத்திலும் விதைக்கலாம் என்பது இவற்றின் பெருமை. சித்திரையில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும் வயது பெரிதும் மாறுவதில்லை. நீண்ட வயதுடைய இரகங்களில் சிலவற்றுக்கு நாள் உணர்வு ஓரளவு எஞ்சியிருக்கும். பிந்தி விதைத்தால் அவற்றின் வயது சற்றுச் சுருங்கும்.

இந்தப் பெருமைக்குள் ஒரு குறையும் இருக்கிறது. அதை விவசாயிகள் பலர் கவனிப்பதில்லை. நாள் பார்க்கும் பயிர் காத்திருக்கும். வயது பார்க்கும் பயிர் காத்திராது. பழைய சம்பா ஒரு மாதம் வெளிச்சம் குன்றி வாடினாலும், நாற்றங்காலில் நாற்பது நாள் கிடந்தாலும், பூக்கும் நாள் வரும்வரை தேறிக்கொள்ள அதற்கு அவகாசம் உண்டு. நூற்றுப்பத்து நாள் இரகத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. உடம்பு தேறியிருந்தாலும் தேறாவிட்டாலும் அது தன் வயதில் கதிரை வெளியே தள்ளிவிடும். கதிர் சிறுத்திருக்கும், அவ்வளவே. ஆகவே இவ்வகை இரகத்தைப் பயிரிடுவோர், இதற்கு எந்த நாட்களில் வெளிச்சம் இன்றியமையாதது, அந்த நாட்கள் எந்த மாதத்தில் விழுகின்றன என்ற இரண்டையும் விதை நனைக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த 35 நாட்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னுமிடத்தில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் யோஷிதா, பராவோ என்ற இருவர், நெற்பயிரின் ஒவ்வொரு பருவத்திலும் நிழல் துணி கட்டி வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்து 1976-ல் முடிவுகளை வெளியிட்டனர். தூர்கட்டும் பருவத்தில் நிழல் விழுந்தால் மகசூலில் பெரிய பாதிப்பு இல்லை. கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும்வரை நிழல் விழுந்தால் மகசூல் மிகவும் குறைந்தது. பூத்த பின் பால் பிடித்து முற்றும் பருவத்தில் விழும் நிழல் இதற்கு அடுத்தபடியான கேட்டைச் செய்தது.

காரணம் எளியது. கதிர் உருவாகும் காலத்தில்தான் ஒரு கதிரில் எத்தனை மணி என்பது முடிவாகிறது. அப்போது இலை தயாரிக்கும் உணவு போதாவிட்டால், பயிர் தன் சக்திக்கேற்ப மணிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. குறைந்ததைப் பின்னர் எந்த உரத்தாலும் கூட்ட முடியாது. பூத்த பின் வெளிச்சம் குறைந்தாலோ எண்ணிக்கை இருக்கும், மணி நிரம்பாது, பதர் மிகும்.

எந்த இரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாட்கள் ஆகும். கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூப்பதற்கு ஏறத்தாழ 35 நாட்கள் ஆகும். குறுகிய வயது, நீண்ட வயது என்ற வேறுபாடு இவற்றுக்கு முந்திய பருவத்தில்தான் இருக்கிறது. ஆகவே இரகத்தின் மொத்த வயதிலிருந்து 65-ஐக் கழித்தால் கதிர் உருவாகும் நாளும், 30-ஐக் கழித்தால் பூக்கும் நாளும் கிடைக்கும். வயது என்பது நடவு நாளிலிருந்து அன்று, விதைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. இதில் பலர் தவறுகின்றனர்.

கணக்கின்படி நாள் வந்ததும் வயலில் இறங்கி உறுதி செய்துகொள்ளலாம். தாய்த்தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே நுனியில் வெண்ணிறப் பஞ்சு போன்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்று தெரிந்தால் அதுவே இளங்கதிர். அன்று தொடங்குகிறது அந்த 35 நாட்கள்.

தேதியைப் போட்டுப் பாருங்கள்

110 நாள் இரகத்தை ஜூன் 10-ல் விதைத்தால் ஜூலை 25-ல் கதிர் உருவாகத் தொடங்கும்; ஆகஸ்டு 29-ல் பூக்கும்; செப்டம்பர் 28-ல் அறுவடை. நம் பகுதியில் ஆடி, ஆவணியில் மேகம் வந்து போகுமே தவிர அடைமழை அரிது. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதே இரகத்தை ஜூலை 15-ல் விதைத்தால் அக்டோபர் 3-ல் பூக்கும். நவம்பர் 2-ல் அறுவடை. கதிர் உருவாகும் காலம் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் மணி முற்றும் காலம் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் விழுகிறது. அறுவடையில் நெல் வயலிலேயே முளைக்கும் அபாயம் வேறு.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கப்பட்டால் இந்தக் கணக்கில் சிக்கல் இல்லை. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறக்க முடிந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு மாத வித்தியாசம்! நாள் பார்க்கும் பழைய நெல்லாக இருந்தால் பூக்கும் நாள் அதிகம் நகராது. வயது பார்க்கும் இரகத்திலோ தண்ணீர் எத்தனை நாள் நகர்கிறதோ அத்தனை நாள் பூக்கும் நாளும் நகர்ந்துவிடும். ஆற்று நீரை நம்பிய வயலில், நீர் ஜூலை பிற்பகுதிக்குப் பின்தான் வரும் என்று தெரிந்தால், குறுவையை விட்டு ஒருபோகச் சம்பாவுக்குப் போவதே மேல் என்பது என் கருத்து. குறுவையை விட மனம் வராது என்பதை அறிவேன். ஆனால் அறுவடையை அடைமழையில் கொண்டுபோய் நிறுத்துவதைவிட அது நட்டம் குறைந்தது.

சம்பாவில்தான் வெளிச்சக் கணக்கு மிகவும் முக்கியம். சி.ஆர். 1009 போன்ற 155 நாள் இரகத்தை ஆகஸ்டு 1-ல் விதைத்தால் அக்டோபர் 30-ல் கதிர் உருவாகத் தொடங்கி, டிசம்பர் 4-ல் பூக்கும். பயிருக்கு வெளிச்சம் மிக வேண்டிய 35 நாட்களும் ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும், அதாவது ஆண்டிலேயே மிக இருண்ட காலத்தில் விழுகின்றன. பள்ளக்கால் வயலில் நீர் தேங்குமுன் பயிர் உயர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக முந்தி விதைக்கிறோம். அதற்கு இது நாம் கொடுக்கும் விலை. அங்கு வேறு வழியில்லை. ஆனால் வடிகால் நன்கு அமைந்த மேட்டுக்கால் வயலிலும் இதையே செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆடுதுறை 46 போன்ற 135 நாள் இரகத்தைச் செப்டம்பர் 15-ல் விதைத்தால் நவம்பர் 24-ல் கதிர் உருவாகத் தொடங்கி, டிசம்பர் 29-ல் பூத்து, ஜனவரி 28-ல் அறுவடைக்கு வரும். 35 நாட்களின் பிற்பாதி மார்கழியில் விழுகிறது. மணி முற்றுவது மார்கழிப் பிற்பாதியிலும் தை வெயிலிலும். மேட்டூர் அணையை மூடும் வழக்கமான நாளும் ஜனவரி 28 ஆதலால் தண்ணீரும் எட்டிவிடும். இதற்கு மேல் பிந்தினால் கடைமடை வயலுக்குக் கடைசி இரண்டு நனைப்பு கிடைப்பது சந்தேகம். ஆகவே வெளிச்சத்தை மட்டும் நினைத்துத் தண்ணீரை மறந்துவிடக் கூடாது.

உங்கள் வயலுக்கு உரிய தேதிகளை ஒரு தாளில் எழுதி நாட்காட்டியுடன் ஒட்டி வையுங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் எழுதி வைத்தால், எந்த விதைப்புக்கு எவ்வளவு மகசூல் என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். எங்கள் ஆய்வுத் திடல் முடிவுகளைவிட உங்கள் வயலுக்கு அதுவே நம்பகமானது.

நாற்றங்காலில் கவனிக்க வேண்டியவை

பட்டமேற்படிப்பு படிக்கும் காலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஆய்வுக்கான நாற்றங்காலைத் தண்ணீர்க் குழாய்க்கு அருகில், தூங்குமூஞ்சி மரத்தின் மேற்கே விட்டேன். முற்பகல் முழுவதும் மர நிழல். நாற்று அண்டை வயல் நாற்றைவிட உயரமாக வளர்ந்ததைக் கண்டு மகிழ்ந்துபோனேன். பிடுங்கும் போதுதான் தெரிந்தது. தண்டு நூல்போல் மெலிந்து, வேர் குறைந்து, நட்டபின் கால்வாசி சாய்ந்து கிடந்தது. அதுவோ 105 நாள் இரகம். பச்சை பிடித்து எழும் முன் அதன் வாழ்நாளில் ஒரு வாரம் போய்விட்டது. வெளிச்சத்தைத் தேடி நீளும் பயிரைச் செழித்த பயிர் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே நாற்றங்காலுக்குக் காலை முதல் மாலைவரை வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாழைத்தோட்ட ஓரம், தென்னைவரிசை ஓரம், வைக்கோற்போரின் நிழல் வேண்டாம். விதையை நெருக்கித் தூவினால் மரம் இல்லாமலே நாற்று ஒன்றுக்கொன்று நிழலாகிவிடும். ஓர் ஏக்கர் குறுவை நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் வேண்டும். நாலு சென்டில் அடக்கிவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இடம் மிச்சமாகலாம், நாற்று கெடும்.

நாற்றின் வயதைப் பொறுத்தவரை, இரகத்தின் மாதம் ஒன்றுக்கு ஒரு வாரம் என்பது பழகிய கணக்கு. குறுகிய வயதுக்கு 18 முதல் 22 நாள். 135 நாள் இரகத்துக்கு 25 முதல் 30 நாள். பாய் நாற்றங்கால் என்றால் 14, 15 நாளிலேயே நட்டுவிடலாம். ஏற்கெனவே சொன்னபடி கதிர் உருவாவது விதைத்த 45-ஆம் நாள். நாற்பது நாள் நாற்றை நட்டால், அது வேர்பிடித்துத் தூர்கட்ட எஞ்சியிருப்பது ஐந்தே நாள். தண்ணீர் பிந்தும் ஆண்டுகளில் இதுவே குறுவையைக் கெடுக்கிறது. தண்ணீர் வரும் நாள் உறுதியாகாமல் விதையை நனைக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் முற்றிய நாற்றை நட நேர்ந்தால், இடைவெளியைக் குறைத்து நெருக்கி நட்டு, அடியுரத் தழைச்சத்தைச் சிபாரிசு செய்த அளவைவிடப் பாதியளவு கூட்டி இடவேண்டும். கற்றையாக நட்டால் ஈடாகும் என்று எண்ணிப் பத்துப் பன்னிரண்டு நாற்றைச் சேர்த்துச் செருகுவது தவறு. உள்ளே சிக்கிய நாற்றுக்கு வெளிச்சமும் இல்லை, புதுத்தூருக்கு இடமும் இல்லை.

வயலுக்குள் வெளிச்சத்தை இறக்குதல்

மேகத்தை நாம் விலக்க முடியாது. வந்து விழும் வெளிச்சத்தை அடியிலை வரை இறக்க முடியும். தனி நெல்லிலை ஒன்று 40 அல்லது 50 ஆயிரம் லக்ஸுக்கு மேல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளாது. ஆனால் வயல் என்பது ஒற்றை இலை அன்று. மேலிலை திகட்டத் திகட்ட உண்ணும் அதே நேரத்தில் கீழிலை பட்டினி கிடக்கும். சம்பாவில் நெருக்கி நடுவது இந்தப் பட்டினியைக் கூட்டும். நீண்ட வயது இரகத்திற்கு வரிசைக்கு வரிசை 20 செ.மீ., குத்துக்குக் குத்து 15 செ.மீ. விடுங்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுவது கட்டாயம். பட்டத்தைக் கிழக்கு மேற்காக விட்டால் வெயில் உள்ளே செல்லும். நிழலும் ஈரமும் கூடிய தூரடியில்தான் புகையான் பெருகுகிறது. பட்டம் விட்ட வயலில் அதைக் கண்டறிவதும் மருந்தைத் தூரில் படும்படி தெளிப்பதும் எளிது. பட்டத்தால் இடம் போகிறதே என்பர். ஓரத்துக் குத்துகளில் கதிர் பருத்திருப்பதை அறுவடையின்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது யூரியா. இருண்ட நாளில் பயிர் வெளுத்துத் தெரிந்தால் கை தானாக யூரியா மூட்டைக்குப் போகிறது. இதுதான் அடைமழைக் காலத்தில் நம் பகுதியில் நடக்கும் பெரும் பிழை. வெளிச்சம் இல்லாதபோது இலையால் போதிய மாவுச்சத்தைத் தயாரிக்க முடியாது. அந்நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் இலை கொழுத்துத் தொங்கி, அடியிலைக்கு மேலும் நிழலிட்டு, குலைநோய், இலையுறைக் கருகல், இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவற்றை அழைக்கும். தண்டு இளைத்துப் பயிர் சாயும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் வெள்ளைப் பொன்னிக்கு மூன்றுக்கும் மற்ற இரகங்களுக்கு நான்குக்கும் கீழே இறங்கினால் மட்டுமே மேலுரம் இடுக. அதையும் மழை விட்டு வெயில் காணும் நாளுக்கு ஒத்திப்போடுக. இரண்டு மூன்று நாள் தாமதத்தால் பயிர் செத்துவிடாது. அட்டையைப் பிடிக்கும் போது உங்கள் உடல் நிழல் இலைமேல் விழுமாறு நின்று பார்க்க வேண்டும். நேர்வெயிலில் நிறம் ஏமாற்றும். சாம்பல் சத்தில் பாதியை அடியுரமாக இட்டு, மறுபாதியைக் கதிர் உருவாகும் சமயம் இட்டால் தண்டு உறுதிப்படும்.

மழைநீர் தேங்கி இலை மூழ்கிய வயலில் முதல் வேலை வடிப்பதே. கலங்கிய நீருக்குள் வெளிச்சம் புகாது. வடிந்த பின்னும் இலையில் வண்டல் படிந்திருக்கும். நீர் வடிந்து வெயில் கண்டதும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் ஆகியவற்றை 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்தால் பயிர் சீக்கிரம் எழும்.

குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் இரகங்களும் உண்டு. ஒடிசாவில் கட்டக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுள்ளனர். கேரளத்துப் பட்டாம்பியிலிருந்து வந்த ஸ்வர்ணபிரபா என்ற இரகம் இக்குணத்துக்குப் பெயர்பெற்றது. நம் சம்பாவுக்கு நேரடியாக ஏற்ற இரகம் என்று அதைச் சொல்லவில்லை. கலப்புக்குப் பெற்றோராக அதன் மதிப்பு பெரிது.

வரப்பு மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அது காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிடப் போதுமானது. மேகமில்லாத நாளில் காலை 9, நண்பகல் 12, மாலை 3 ஆகிய மூன்று வேளையும், திறந்த வயலின் நடுவிலும் மரத்தை ஒட்டிய ஓரத்திலும் பயிரின் உச்சி மட்டத்தில் கைப்பேசியைப் படுக்க வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்து எண் நடுவயல் எண்ணில் பாதிக்கும் கீழே மூன்று வேளையும் நின்றால், அங்கே நெல்லுக்கு இடும் உரம் பெரும்பாலும் வீண். மரத்தை வெட்டச் சொல்லவில்லை; கதிர் உருவாகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாகக் கிளை கழித்துவிட்டால் போதும். கழித்த தழை ஆட்டுக்கோ வயலுக்கோ ஆகும்.

தெரு விளக்குக்கு அடியில்

நெல்லுக்கு விளக்கு உதவாது என்று தொடக்கத்தில் கணக்குப் போட்டோம். ஆனால் விளக்கு நெல்லைக் கெடுக்கும். சாலையோரத்து வயலில் ஒரு மூலை மட்டும் கதிர் வராமல் பச்சையாக நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உரக்குறை என்றும் விதைக்கலப்பு என்றும் சந்தேகிப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் மேலே மின்கம்பம் இருக்கும். நாள் பார்க்கும் இரகத்துக்கு வேண்டியது இடைவிடாத நீண்ட இருட்டு. இரவில் சில லக்ஸ் வெளிச்சம் விழுந்தாலும் இரவு இன்னும் நீளவில்லை என்று அது ஏமாந்துபோய்ப் பூப்பதைத் தள்ளிப்போடும். பகலில் ஐம்பதாயிரம் லக்ஸ் கேட்கும் அதே பயிருக்கு இரவில் விழும் இந்த அற்ப வெளிச்சமே தொல்லையாகிறது. ஜப்பானில் இதை விரிவாக ஆராய்ந்து, நெல்லுக்குத் தீங்கு செய்யாத விளக்குகளைக்கூட உருவாக்கி இருக்கிறார்கள். மங்கலான பழைய விளக்குகளை மாற்றிப் பிரகாசமான எல்.இ.டி. விளக்கைப் பொருத்தும் இடங்களில், பாரம்பரிய சம்பா பயிரிடுவோர் இதைச் சற்றுக் கவனித்து வரவேண்டும். மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றை மீண்டும் பயிரிடுவோர் பெருகியுள்ள இந்நாளில் இது முன்பைவிட முக்கியமாகிறது.

பரிகாரம் இரண்டு உண்டு. விளக்கின் வயல்பக்கத்தில் தகரத் தடுப்பு ஒன்றைப் பொருத்தித் தருமாறு ஊராட்சியில் எழுதிக் கேட்கலாம். வெளிச்சம் சாலைக்குத்தான் வேண்டும், வயலுக்கு வேண்டாம். நாமாகக் கம்பத்தில் ஏறிக் கைவைக்கக் கூடாது. அது நடக்கும்வரை, விளக்கு வெளிச்சம் விழும் அந்தப் பட்டையில் மட்டும், மற்ற வயலோடு ஒத்து அறுவடைக்கு வரும்படி நாள் கணக்கிட்டு, வயது பார்க்கும் இரகம் ஒன்றை நட்டுக்கொள்ளலாம். அதற்கு இரவு விளக்கைப் பற்றிய கவலை இல்லை. அறுக்கும்போதும் அடிக்கும்போதும் அந்த நெல்லைத் தனியே வைத்து, விதைக்கு எடுப்பதில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.